முடிச்சிட்ட புல்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையில், செக்கானூரணி தாண்டி எங்கள் வீடு. மழைக்காலம் தொடங்கி சித்திரை வரை அங்கே இருப்போம்; மீதி மாதங்கள் மெல்பர்னில், முப்பது வருடம் வாழ்ந்த பழைய வீட்டில். செக்கானூரணி வீட்டில் நான் காலையில் புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்து ஸ்டார்ட் செய்தால் போதும், கேட்டுக்கு வெளியே நாலைந்து பேராவது வண்டியை நிறுத்திவிடுவார்கள். எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம். ஒருநாள் பதினோரு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் மெனக்கெட்டு உள்ளே வந்து கேட்டார்: "ஏண்ணே, வீட்டுல மாடு இல்லேல்ல? பெறகு எதுக்கு இம்புட்டுப் புல்லு?" பார்க்க அழகாக இருக்கும் என்றேன். அவர் நல்ல மனிதர். அந்த அழகைக் காண்பதற்காகவே இரண்டு நிமிடம் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இத்தனைக்கும் அது வெறும் அருகம்புல். மெல்பர்ன் வீட்டிலும் அதே புல்தான். அங்கே அதைக் 'கூச்' என்பார்கள். செக்கானூரணி வீட்டில் பதிக்க, நர்சரிக்காரர் ஏதோ மெக்சிகோ புல்லைச் சிபாரிசு செய்தார். நான் பிடிவாதமாக அருகம்புல் கேட்டதும், ரோட்டோரம் முளைப்பதைக் காசு கொடுத்து வாங்குகிறவரை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். இயந்திரம் வாங்கப் போன இடத்திலும் இதே கதை. மதுரையில் பம்புசெட் விற்கும் கடை ஒன்றில் தோளில் மாட்டிச் சுழற்றும் கருவியைக் காட்டி, வரப்பு வாய்க்கால் எல்லாம் வழித்துவிடும் என்றார்கள். எனக்கு வரப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. கையால் தள்ளும் உருளைக் கத்தி வண்டி என் முழங்காலுக்கு ஒத்துவராது. ஒயர் வைத்தது வேண்டாம், நான் ஒயரையே வெட்டிக்கொள்வேன் என்று என் மனைவி சரோஜா சொல்லிவிட்டாள். பேட்டரி வண்டியைச் சரிபார்க்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. கடைசியில் பெட்ரோல் வண்டி. நாலு சக்கரம், பின்னால் வெட்டிய புல் விழும் பை, உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஆறு நிலை கொண்ட நெம்புகோல்.

வாங்குவதைவிட வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. புலம்பெயர்ந்து போய் முதல் வீடு வாங்கியவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு முறையும் அடியில் அப்பிய புல்லை மரக்கட்டையால் சுரண்ட வேண்டும். அதற்கு முன் பிளக் ஒயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் விரல் போகும். சாய்க்கும்போது காற்று வடிகட்டி மேல்பக்கம் இருக்க வேண்டும். டேங்க்கில் பழைய பெட்ரோல் தங்கக்கூடாது. கத்தியைச் சாணை பிடித்த பின் நடுத்துளையில் ஓர் ஆணியைக் கொடுத்துத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் வண்டி உதறும். செக்கானூரணி பட்டறையில் நான் கத்தியை ஆணியில் தொங்கவிட்டு உற்றுப் பார்ப்பதைக் கண்டவர்கள், ஏதோ ஜோசியம் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மெல்பர்னில் பக்கத்து வீட்டு பீட்டர். அவரோடு பழக்கம் தொடங்கியதே ஒரு குழப்பத்தில். எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்து படுத்திருந்தபோது, ஒருநாள் எங்கள் வீட்டு முன்புறப் புல் முழுக்க வெட்டப்பட்டிருந்தது. பீட்டர்தான் வெட்டியிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் அடுத்தவன் நம் வரப்பில் கை வைக்கிறான் என்றால் அடுத்து எல்லைக்கல்லை நகர்த்தப்போகிறான் என்று அர்த்தம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு டேப்போடு போய் எல்லையை அளந்தேன். ஓர் அங்குலமும் குறையவில்லை. பீட்டர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வெளியே வந்து, வேலி போடப்போகிறீர்களா, உதவட்டுமா என்று கேட்டார். முடியாதவன் வீட்டுப் புல்லைக் கேட்காமலே வெட்டிவிட்டுப் போவது அங்கே மரியாதை என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. புரிந்தபிறகு நானும் அப்படியே ஆகிப்போனேன்.

ஆனதுதான் வினை. செக்கானூரணி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. சொந்தக்காரர் சென்னையில். மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப்புல் இடுப்புயரம் நின்றது. தை மாதம் சரோஜா அதன் ஓரத்தில் பாம்புச் சட்டையைப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்கோ, புல் இப்படி வளர்ந்து கிடந்தால் அந்த வீட்டில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று தோன்றும் அளவுக்கு மெல்பர்ன் கண் வந்துவிட்டது. நெம்புகோலை உச்சத்தில் வைத்து, முன் சக்கரத்தைத் தூக்கித் தூக்கி இறக்கி, இரண்டு காலைகளில் அந்த மனை முழுவதையும் வெட்டி முடித்தேன். அங்கங்கே புல் முறுக்கிக்கொண்டு வண்டியை நிறுத்தியது. திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப இழுத்து ஸ்டார்ட் செய்தேன். வெட்டியதைச் சுவரோரம் குவித்துவிட்டு, பீட்டர் பார்த்தால் மெச்சுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பேச்சி வந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கிறவள், நாற்பது வயதிருக்கும். கையில் அரிவாளும் கயிறும். மனையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். நான் வேலியோரம் போனேன்.

"யாருய்யா வெட்டுனது?"

"நான்தாம்மா. சுத்தமா இருக்கட்டுமேன்னு."

"சுத்தமாத்தான் இருக்கு. எம் மாட்டு வயிறும் இனி சுத்தமா இருக்கும்."

மழை வரும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொள்ள வைத்திருந்த புல் அது என்று சொன்னாள். மாடு ஏழு மாதச் சினை. குவித்து வைத்திருக்கிறேன், அள்ளிக்கொண்டு போ என்றேன். அவள் குவியலுக்குள் கையை விட்டாள். உள்ளே வெந்து சூடாக இருந்திருக்க வேண்டும், சட்டென்று கையை எடுத்தாள். ஒரு பிடியை மோந்து பார்த்தாள்.

"காப்பித்தூள் கணக்கா அரைச்சு வச்சிருக்கீக. பெட்ரோலு வாடை வேற. எம் மாடு என்ன காப்பியா குடிக்குது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு குவியலிலிருந்து எதையோ உருவி எடுத்து என்னிடம் நீட்டினாள். கத்திக்குத் தப்பிய ஒரு கொத்துப் புல். தலைப்பில் முடிச்சுப் போட்டிருந்தது. "இதக் கூடவாய்யா பாக்கல?"

எனக்கு அந்த முடிச்சு தெரியும். என் சின்ன வயதில் எங்களுக்குச் சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. வீட்டு ஆட்டுக்கு அம்மா அடுத்தவர் வரப்பில்தான் புல் அறுப்பாள். அதற்கு நிலக்காரர் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் சாப்பிட்டு முடித்து வெளியே வந்து தலையசைக்கும் வரை. கேட்க ஆளில்லாத புறம்போக்குப் புல் என்றால் மட்டும் பெண்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. முதலில் பார்த்தவள் நாலு மூலையிலும் புல்லைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு வருவாள். அதற்குப் பிறகு இன்னொருத்தி அதில் அரிவாள் வைக்க மாட்டாள். அவசரத்துக்கு என் விரலும் எத்தனையோ முறை அந்த முடிச்சைப் போட்டிருக்கிறது. அதே முடிச்சுகளைத்தான் இரண்டு காலைகளாக வண்டியை நிறுத்துகிற சனியன் என்று திட்டியிருக்கிறேன். சரோஜாவிடம் சொன்னபோது, "அத்தை இருந்திருந்தா மிஷினத் தூக்கிக் கெணத்துல போட்டிருப்பாக" என்றாள்.

பேச்சி மாசி முதல் சந்தைக்கு மாட்டை உசிலம்பட்டிக்குப் பத்திக்கொண்டு போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். சினை மாட்டை விற்றால் கன்றும் போயிற்று, பாலும் போயிற்று. எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் புல்லுக்கு போர்வெல் தண்ணீர் பாய்கிறது, கோடையிலும் பச்சை குறையாது. அவள் வீட்டுக்கே போய், எங்கள் வாசல் புல்லை இனி வெட்டப்போவதில்லை, எப்போது வேண்டுமானாலும் வந்து கேள் என்றேன்.

"வந்து கேக்குறதெல்லாம் நம்மளால முடியாது. அதுக்குச் சந்தைக்கே பத்திட்டுப் போறேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊர் நிலவரம் சொல்வது போலச் சொன்னாள். நான் பேசியது அந்த நிலக்காரர் தன் வாசலில் நின்றுகொண்டு பேசும் வார்த்தை என்று அப்போதுதான் உறைத்தது. கேட்க வேண்டாம், கேட் திறந்தே கிடக்கும் என்று திருத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

புல் வளர வளர எனக்குக் கை அரித்தது. பாம்பு வரும் என்று சரோஜா பயந்ததால், கேட்டிலிருந்து வாசற்படி வரை ஒரு பாதையை மட்டும், போக ஓர் ஓட்டம் வர ஓர் ஓட்டம், வெட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். சந்தை நாளன்று விடியும் முன்பே கேட்டருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் அந்த வழியாகத்தான் போக வேண்டும். மூன்று பஸ் போயின. ஆட்டுக்காரர்கள் போனார்கள். பேச்சி வரவில்லை. வெயில் ஏறிய பிறகு எழுந்து திரும்பியபோதுதான் பார்த்தேன். பாதையின் இரு பக்கமும், ஆடுசதை உயரம் வளர்ந்திருந்த அருகம்புல்லில் சிறியதும் பெரியதுமாக முடிச்சுகள். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில், நாங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது வந்து போட்டிருக்கிறாள். அந்த மாலையே அரிவாளோடு வந்தாள். நான் வெளியே போகவில்லை. போனால் கேட்க வைத்ததாகிவிடும். சரோஜாதான் போய், போதுமா என்று விசாரித்தாள்.

"அரை மாட்டுக்குக் காணும்க்கா. மிச்ச அரை மாட்டுக்கு நான் பாத்துக்கிறேன்," என்று அவள் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

பங்குனியில் மாடு கன்று போட்டது, கிடேரி. இப்போது நாங்கள் மெல்பர்னில் இருக்கிறோம். செக்கானூரணி வீட்டைப் பூட்டிவிட்டோம், கேட்டைப் பூட்டவில்லை. இங்கே குளிருக்கு முன் கடைசியாக ஒருமுறை புல் வெட்ட வேண்டும். நேற்று வண்டியை வெளியே எடுத்து, எண்ணெய் பார்த்து, கயிற்றை இழுக்கப் போனவன் இழுக்கவில்லை. புல்லுக்குள் இறங்கிக் குனிந்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை மெல்ல நடந்தேன். பீட்டர் வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தொலைத்தீர்கள், சாவியா, கண்ணாடியா என்று கேட்டார். ஒன்றும் தொலையவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. தன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சிரமப்பட்டு எங்கள் பக்கம் வந்து, எனக்கு எதிர் மூலையிலிருந்து அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார்.