அக்காள் கேட்ட பார்லி

அண்மையில் என் பேத்தி, வகுப்பில் திக்கிப் பேசும் தோழிக்குத் தானே சொற்களை முடித்துக் கொடுத்து உதவுவதாகப் பெருமையோடு கூறினாள். அப்பெருமையை நான் நன்கறிவேன். ஆகவே இதனை எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் தொடர்வண்டித் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்த காலம். என் அக்காளுக்குத் திக்குவாய். அவள் பேசத் தொடங்கினாலே உறவினர், "மெதுவா, மூச்ச இழுத்துச் சொல்லு" என்பர். அவள் தலை குனிவாள். சிறுமியாகிய நானோ அவளுக்கு அத்தொல்லையே வைப்பதில்லை. கடையிலும் கோயிலிலும் அவளுக்காக நானே பேசிவிடுவேன். தெருவோரத் தேநீர் ஒட்டுக்கடைக்காரர் என்னை "அக்காவோட லௌட்ஸ்பீக்கர்" என்றழைப்பார். பள்ளிப் பரிசுகளைவிட அப்பட்டமே எனக்கு உயர்ந்தது.

அந்நாளில் எங்கள் அண்ணனை மணந்து, கிள்ளான் நகரிலிருந்து அண்ணி வந்தார். ஒரு மாலை எங்கள் இருவரையும் அக்கடைக்கு அழைத்துச் சென்றார். அமருமுன்னே, "எனக்கும் அக்காவுக்கும் தே, அண்ணே!" என்று தேநீர் கேட்டேன்.

"நீ இரு, பாப்பா." அண்ணி என் கையை மெல்லப் பற்றிக்கொண்டு அக்காளை நோக்கினார். "உனக்கு என்னம்மா வேணும்?"

"ப... ப..."

பக்கத்து மேசையினர் திரும்பிப் பார்த்தனர். அண்ணி மூச்சை இழுக்கச் சொல்லவில்லை, தலையாட்டி விரைவுபடுத்தவுமில்லை. வேறெவர் பேசினாலும் பார்ப்பதுபோல் அவள் கண்களைப் பார்த்தபடி இருந்தார்.

"ப... பார்லி. ஐஸ் வே... வேணாம்."

"அக்கா தேதான் குடிப்பா!" என்று கத்தினேன்.

"எனக்குத் தே பு... புடிக்கவே புடிக்காது."

கடைக்காரர் சிரித்தார். "லௌட்ஸ்பீக்கருக்கு வேலை போச்சு லா!"

வீடு திரும்பும் வழியெங்கும் அக்காள் பேசினாள்: தையல் வகுப்பைப் பற்றி, பத்துமலைக் கோயிற் படியில் தொலைத்த செருப்பைப் பற்றி. ஒரு வாக்கியம் முடிவதற்குள் விளக்குக் கம்பங்கள் சில கடந்துபோயின. அண்ணி நடையைத் தளர்த்திக்கொண்டார். பின்னே நடந்த என் நெஞ்சில் அழுக்காறு எரிந்தது. என்னிடம் ஒருநாளும் இத்தனை பேசாதவள், நேற்று வந்தவரிடம் பேசுகிறாளே! அக்காளுக்குத் தே பிடிக்காமற் செய்ததே இந்தக் கிள்ளான்காரிதான் என்று முடிவு கட்டினேன். அத்தனை நாளும் நான் வாங்கித் தந்த தேநீரை அவள் ஏன் மறுப்புச் சொல்லாது குடித்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இதிற் பிழை காண்போர் திருத்தியருளுக. அக்காளும் இதனைப் படிப்பாள். திருத்தஞ் சொல்ல அவள் தொடங்கினால், அருகிலிருப்போர் அவள் முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டுகிறேன்.