கப்பலை விட்டு இறங்காதவர்

ஓசியில் எவனாவது எதையாவது நீட்டினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முன்பின் தெரியாத ஒருவன் ஒரு விண்கப்பலையே என்னிடம் ஒப்படைத்துவிட்டு, போய் அண்டத்தைச் சுற்றிப் பார் என்றான். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஆள் டீ வாங்கிக் கொடுத்தாலே நான் குடிக்க மாட்டேன். இவன் கப்பல் கொடுக்கிறானாம்!

நான் விளையாட உட்கார்ந்தது ஆசைப்பட்டு இல்லை, வேவு பார்க்க. என் கணவர் எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளின் தலையைச் சமமாக வெட்டிவிடும் வேலை. எட்டு மாதத்துக்கு முன், காலையில் வேலைக்குப் போகும் வழியில் யானை தள்ளிவிட்டதில் அவருக்குக் கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியே மூன்று மாதமாகிறது. இவர் வாசல்படி தாண்டவில்லை. கேட்டால் "கால் வலிக்குது" என்பார். நான் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்த் திரும்பினால் பரணில் இருந்த தகரப்பெட்டி கீழே இறங்கியிருக்கும். வலிக்கிற கால் பரண் ஏறுமா? நடிக்கிறார் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

பொழுது போகட்டும் என்று கோயம்புத்தூரிலிருக்கும் கொழுந்தன் தன் பழைய கம்ப்யூட்டரை இந்த விளையாட்டோடு கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து இவருக்கு அதன் முன்னால்தான் குடித்தனம். இதற்கிடையில் எஸ்டேட் ஆபீசிலிருந்து ஆள் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை பெரட்டில், அதாவது ஆட்களை எண்ணி வேலை பிரிக்கிற இடத்தில், இவர் வந்து நிற்கவில்லையென்றால் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த இந்த லயன் வீடும் போகும். அது தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு திரை முன்னால் போய் உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நகருங்க. அப்படி என்னதான் இருக்குதுன்னு நானும் பார்க்கறேன்" என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டேன்.

முதலில் என் முகத்தை நானே செய்துகொள்ளச் சொன்னது. மூக்கு சரியாக வருவதற்கே அரைமணி நேரம் போயிற்று. பிறகு இதற்கு முன் என்ன வேலை பார்த்தாய் என்று ஒரு பட்டியல். சமையல்காரர் உண்டு, சிப்பாய் உண்டு, கொள்ளைக்காரர்கூட உண்டு. புடவை விரித்துக் காட்டுகிறவள் இல்லை. அம்மா அப்பா இருக்கிறார்களா என்று வேறு விசாரித்தது.

"இதெல்லாம் இவனுக்கு எதுக்குங்க? அடுத்து ஆதார் நம்பரும் கேப்பானோ?"

"சும்மா அமுக்கு" என்றார் பக்கத்தில் நின்றபடி. ஆங்கிலத்தை நான் எழுத்துக்கூட்டிப் படிக்க, விளங்காததை அவர் சொன்னார். எதிரில் வந்தவர்களெல்லாம் கண் சிமிட்டாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தரையும் நான் நம்பவில்லை.

ஒருவழியாக ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கினேன். கதவு திறந்தது. வெளியே இடுப்பளவு பச்சைப் புதர், மேலே பனிமூட்டம், தூரத்தில் நாலைந்து வீடுகள். என் கை தானாக நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் பனி இறங்கியிருக்கும்போது யாரும் செடிக்குள் சும்மா இறங்க மாட்டோம். ஒரு தகர டப்பாவைத் தட்டி, குரல் கொடுத்து, கொஞ்சம் நின்று, உள்ளே யானை இருந்தால் அது விலகிப் போக நேரம் விட்டுத்தான் காலை வைப்போம்.

"தகரம் தட்டற பட்டன் எது?"

"அதெல்லாம் இல்ல."

"சரி, சத்தம் குடுக்கறது?"

"துப்பாக்கி மட்டுந்தான் இருக்குது."

வானத்தைப் பார்த்து இரண்டு தடவை சுட்டேன். அந்த வீடுகளிலிருந்து மூன்று காவலாளிகள் ஓடிவந்தார்கள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் என்னைச் சுட்டுத் தள்ளினார்கள்.

"அடப்பாவிகளா! விலகிக்கோன்னு சத்தம் குடுத்தா கொல்லுவீங்களாடா?"

அவர் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதமாகியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு நிறுத்துகிறவளா நான்?

"நீங்களும் இப்படித்தான் செத்தீங்களாக்கும்?"

சிரிப்பு நின்றது. "நான் இறங்கினதே இல்ல" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் சேமித்து வைத்திருந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றில் சிவப்பு மண், ஒன்றில் பனிக்கட்டி, ஒன்றில் கடல். ஆனால் எல்லாவற்றிலும் அவருடைய ஆள் கப்பலுக்குள் மூடிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். மாதக்கணக்கில் விளையாடியும் ஒரு கிரகத்தில்கூட அவன் கால் படவில்லை.

"ஏன், அவனுக்கும் கால் வலியோ?" என்று குத்தலாகக் கேட்டேன்.

அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் தகரம் தட்டல" என்றார். "டப்பா கக்கத்துல இருந்துச்சு. கையில போன் இருந்துச்சு."

அன்று காலை கேஸ் தீர்ந்துபோனதைச் சொல்லாமல் கிளம்பிவிட்டார் என்று போன் போட்டு அவரைக் கிழித்துக்கொண்டிருந்தவள் நான்தான். பாதியில் இணைப்பு அறுந்தது. என் பேச்சை வெட்டிவிட்டார் என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். அரைமணி நேரம் கழித்துத்தான் ஆட்கள் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார்கள்.

"ஏங்க இதை எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ தாங்க மாட்டே."

"மூணு மாசமா உங்களை வேலைக் கள்ளன்னு நினைச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே!" என்று கத்தினேன். பிறகு அழுதேன். நாளைக்குப் பெரட்டுக்குப் போவீர்களா என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு இரண்டு போன்களையும் டிவி மேல் வைத்தேன். தகர டப்பாவை எடுத்துக்கொண்டேன். "நான் முன்னால போறேன். வர்றதுன்னா வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எதிரே லயன் முழுக்கப் பனி. தட்டினேன், நின்றேன், பத்தடி நடந்தேன். மறுபடி தட்டினேன். பின்னால் கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து போட்டாரா, வெளியேயிருந்தா? திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. இன்னும் பத்தடி போய் மறுபடி தட்டினேன்.

"பலமாத் தட்டு" என்றது முதுகுக்குப் பின்னால் அவர் குரல். "உன் வாய்ச் சத்தத்துல பாதிகூட வரல."