சூலூர்பேட்டையில் ஒன்றேகால் மணி நேரம்

ராத்திரி முழுக்க இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பவர்களுக்குக் கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். நாலு இடத்தில் முத்திரை வாங்க வேண்டும், நாலாவது முடிக்கும் இடத்தில். என் அட்டையில் மூன்றுதான் இருக்கிறது, நாலாவது கட்டம் காலி. வீட்டில் கேட்டபோது கடைசியில் பஞ்சர் ஆகிவிட்டது என்று சொன்னேன். பஞ்சரெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

சென்னையிலிருந்து வந்த ஒரு சைக்கிள் குழு நடத்திய ஓட்டம் அது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை வாசலில் ஆரம்பித்து, பொன்னேரி வழியாக நாயுடுபேட்டை போய், அதே வாசலில் வந்து முடிக்க வேண்டும். சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஞாயிறு காலை ஆறரைக்குள் திரும்ப வேண்டும். சென்னைக்காரர்கள் வாசல் தூணில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டோடு நின்று ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது நாமும் இப்படித்தான் இருப்போம் என்றான் கூட வந்த பாய்.

நாங்கள் மூன்று பேர். பாய்க்கு ஊருக்குள் செல்போன் ரிப்பேர் கடை. பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருப்பவன். இன்னொருவன் எங்கள் குப்பத்திலேயே பின்தெருவில் இருக்கும் மீன்பிடிக்காரன். உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். நான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் சைக்கிளில்தான் போய்வருகிறேன், அதனால்தான் இந்த ஆசையே வந்தது.

மச்சானும் நானும் அதற்கு முன் இரண்டு வருடம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர் வலை முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த இடத்தில் எந்த நாள் யார் கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. என் நைனாவுக்கு இருந்த பாடு அவருக்குப் பிறகு என் பெயருக்கு வந்தது. துறைமுகம் வேண்டாம் என்று ஊரே நின்றபோது நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்க்கூட்டம் கூட்டி என் பெயரை அடித்துவிட்டார்கள். எனக்கு அதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. அத்தனை பேரில் மச்சான் ஒருவனாவது எனக்காக வாயைத் திறப்பான் என்று நினைத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தது தெரிந்ததும் அவனே வந்து, நானும் வரட்டா என்று கேட்டான். பழைய கியர் சைக்கிள் ஒன்றைத் தேடிப்பிடித்தான். இரண்டு மாதம் திருப்பாலைவனம் ரோட்டில் சேர்ந்து மிதித்துப் பழகினோம். செயின், கொசு, நண்டு விலை, எல்லாம் பேசினோம். கூட்டத்தை மட்டும் அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பெயர் கொடுத்த பிறகுதான் புதுச் சீட்டுப் போட்டார்கள். முகத்துவாரத்துப் பாடு அவனுக்கு விழுந்தது, அதுவும் அதே ஞாயிற்றுக்கிழமை காலையில். இறால் ஓடுகிற மாதம். முகத்துவாரத்துக்கு ஈடான இடம் ஏரியில் கிடையாது. சூரியன் கிளம்பும்போது கரையில் பெயர் கூப்பிடுவார்கள். பெயர்க்காரன் தன் வாயால் இருக்கேன் என்று சொல்ல வேண்டும். தம்பி சொன்னாலும் செல்லாது, மகன் சொன்னாலும் செல்லாது. ஆள் இல்லையென்றால் முறை அடுத்த பெயருக்குப் போய்விடும். அப்புறம் இருபத்திரண்டு நாள் காத்திருக்க வேண்டும். ஓட்டத்தை விட்டுவிடு என்று பாய் சொல்லிப் பார்த்தான். நாலரைக்கெல்லாம் வந்துவிடுவோம் என்றான் மச்சான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

போகும்போது தென்றல் முதுகில். சைக்கிள் தானாக ஓடியது. பத்தரைக்கு நாயுடுபேட்டையில் முத்திரை வாங்கி, இட்லி தின்று, திரும்பினோம். திரும்பிய நிமிடமே காற்று நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கடக்கும்போது மட்டும் ஒரு நொடி விடும், மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒரு மணிக்கு சூலூர்பேட்டை டீக்கடைக்கு வந்தபோது மூன்று பேருக்கும் தொடை இறுகிப்போயிருந்தது.

மச்சான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு பெஞ்சில் காலை நீட்டிவிட்டான். சென்னைக்காரர்கள் குனிந்த தலை நிமிராமல் காற்றுக்குள் முட்டிக்கொண்டு போவதைப் பார்த்து அவனுக்குப் பாவமாக இருந்தது. எங்கள் ஊரில் எதிர்க்காற்றில் துடுப்பு போட்டுச் சாகிறவனை யாரும் வீரன் என்று சொல்ல மாட்டார்கள், அறிவில்லாதவன் என்பார்கள். காற்று திரும்பும் வரை உட்கார்ந்திருக்கத் தெரிவதும் தொழிலில் ஒரு பாதி. அந்தப் புத்தியைத்தான் அவன் ரோட்டுக்கும் கொண்டுவந்தான்.

"ரெண்டு மணிக்கெல்லாம் தென்னல் செத்துடும். அப்பறம் மேக்கேர்ந்து கரைக்காத்துதான். கொஞ்சம் ஒக்காந்தம்னா ஒரே மூச்சுல ஊடு போய்ச் சேந்துடலாம்."

பாய் போனைத் திறந்து காட்டினான். காலை ஏழு மணி வரை இதே தெற்குக் காற்று என்று அதில் இருந்தது. உன் போன் எந்த ஏரியில் வலை கட்டியது என்று மச்சான் கேட்டான். நானும் சிரித்தேன். பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். என்ன இருந்தாலும் நான் ஏரியில் பிறந்தவன், காற்று விஷயத்தில் அவனுக்கு என் வார்த்தைதான் வார்த்தை.

"நீ இன்னாடா சொல்ற?"

துறைமுகத்தில் என் வேலை என்ன தெரியுமா? காற்றின் வேகத்தை மணிக்கு ஒரு தடவை குறித்து வைப்பது. அளவு மீறினால் கிரேனை நிறுத்தச் சொல்வது. அந்த மாதம் தென்றல் வழக்கம் தப்பி விடியும் வரை அடங்காமல் வீசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் என் கையால் எழுதியிருக்கிறேன். மச்சானுக்கு அது தெரிய வழியில்லை. முறை வராததால் இருபது நாளாக அவன் ராத்திரியில் தண்ணீர் பக்கமே போகவில்லை.

"ஒன் இஷ்டம் மச்சான்" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அன்றைக்கு நீ மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, இன்றைக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன் பார் என்று இருந்தது. அவன் தூங்கிவிட்டான். நான் இரண்டாவது டீ வாங்கிக் குடித்தேன். பாய் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டேகாலுக்கு மச்சான் எழுந்து விரலை நக்கிக் காற்றில் பிடித்துப் பார்த்தான். அதே தெற்குக் காற்றுதான். ஏறி மிதிக்க ஆரம்பித்தான்.

தடா தாண்டியபோது எனக்குத் தாங்கவில்லை. அவன் மூச்சு இழுத்து இழுத்து வருவது காதில் விழுந்துகொண்டே இருந்தது. நான் முன்னால் போய் அவனை என் பின்சக்கரத்தை ஒட்டி வரச் சொன்னேன். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவனுக்குப் பாரம் குறையும். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, எங்கேயும் முன்னிடத்தை அவனுக்குக் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு தடவை, ஒனக்கு இன்னாடா இம்மா வெறி என்று கேட்டான். பாசம் என்று நினைத்துக்கொண்டான் போல. திருப்பாலைவனத்தில் வயல்களைத் தாண்டும்போது சூரியன் எங்கள் முகத்துக்கு நேரே ஏறிக்கொண்டிருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் பாய் கல்லறை வாசலுக்குத் திரும்பினான். மச்சான் திரும்பவில்லை, நேரே கரைக்குப் போனான். நான் அவன் பின்னால் போனேன். மணி ஆறு இருபது. அடுத்த பெயர்க்காரரின் படகு முகத்துவாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மச்சானின் தம்பி மடித்த வலைமேல் உட்கார்ந்திருந்தான். மூன்று தடவை கூப்பிட்டோம் என்றார் பெயர் கூப்பிடுகிறவர். அவருக்கும் சங்கடம்தான், ஆனால் முறை முறைதான். கூட்டத்திலிருந்து ஒருவர், துறைமுகத்துக்காரனோடு சுற்றினால் இப்படித்தான் ஆகும் என்றார்.

மச்சான் சைக்கிளை மணலில் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அவன இன்னாத்துக்கு இழுக்கறீங்க? காத்து மாறும்னு நான்தான் ஒக்காந்தேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ரோட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவன் என்னைப் பார்க்காமலே பேசினான்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே இப்டி பேசியிருக்கணும்டா. அன்னிக்கி வாய் வரல."

என் கால் அதோடு நின்றுவிட்டது. இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்க என்னால் முடியாது.

"காத்து மாறாதுன்னு எனக்குத் தெரியும் மச்சான். டீக்கடையிலயே தெரியும்."

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சைக்கிளில் ஏறப் பார்த்தான், பெடலில் கால் வழுக்கியது. இறங்கித் தள்ளிக்கொண்டே போய்விட்டான். அந்த நேரம் பாய் தன் அட்டையை ஆட்டிக்கொண்டு வந்து, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது, ஓடு என்றான். நான் ஓடவில்லை.

அதற்குப் பிறகு அவன் என் தெருப்பக்கம் வரவில்லை. பாயிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே உன்னைப் பார்க்கப் பேஜாராக இருந்தது என்று மட்டும் சொன்னான், ரிப்பேர் செய்துகொண்டிருந்த போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

மச்சானின் அடுத்த முறைக்கு முந்தின நாள் சாயந்திரம் நான் வேலையில் இருந்தபோது போன் வந்தது. மச்சான்தான். நலமா, சாப்பிட்டாயா எதுவும் இல்லை.

"நாளிக்கி காத்து எப்டி?"

அலுவலகப் பலகையில் மறுநாள் காற்று எப்படி இருக்கும் என்று எழுதி ஒட்டியிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். தென்னல் நாலு மணிக்கு அடங்கிவிடும், கரைக்காற்று வரும் என்றேன்.

"நெஜமா?"

"நெஜமாதான் மச்சான்."

அவன் போனை வைத்துவிட்டான். நான் மறுபடியும் எழுந்து போய் அந்தப் பலகையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.