டேப் பிடித்து நட்ட கிழங்கு

தையல்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் அரையிஞ்சு. யார் துணி கொடுத்தாலும் உள்ளே அரை இஞ்ச் மிச்சம் விட்டுத்தான் தைப்பார். "நாளைக்கே உடம்பு போடும், அப்ப என்னைத்தான் திட்டுவீங்க" என்பார். இருபத்திரண்டு வருஷமாக வாசல் அறையில் ஒரே மிஷின், ஒரே நாற்காலி. அந்த மனுஷனுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் மண்மேல் ஆசை வந்தது.

வீட்டுக்குப் பின்னால் எட்டு வரிசை போடுகிற அளவுக்கு மனைவியின் பங்கு நிலம். அதன்மேல் அவள் அண்ணனுக்கு ஒரு கண். வேன் ஓட்டுகிறவர், அதை நிறுத்த இடமில்லாமல் தெருவில் எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறவர். போன வருஷம் தையல்காரர் போட்ட உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவில் வந்ததைப் பார்த்து, "மாப்ள, இதைச் சட்டைக்குப் பட்டனா வச்சுத் தைச்சிடு" என்றார். பேச்சு முற்றி ஒரு முடிவுக்கு வந்தது. இந்தத் தடவை ஆறு மூட்டை தேறினால் நிலம் கிழங்குக்கு, குறைந்தால் வேனுக்கு.

உரக்கடைக்காரர் வழி சொன்னார்: "நடும்போதே அடியுரம் போடணும். சால் பள்ளத்துல உரத்தைத் தூவி, மேல ரெண்டு இஞ்ச் மண்ணை மூடி, அப்புறம் கிழங்கை வைங்க. உரம் கிழங்கைத் தொட்டா வெந்துடும்."

இவரிடம் போய் இஞ்ச் கணக்கில் சொல்லியிருக்கக் கூடாது.

கழுத்தில் டேப்போடு சாலில் மண்டியிட்டார். தூவினார், மூடினார், அளந்தார். ஒன்றேமுக்கால் வந்தால் ஒரு சிட்டிகை மண் சேர்த்தார். ஒரு வரிசைக்கு அரை நாள்.

"என்னங்க, கிழங்குக்கு ஜாக்கெட்டா தைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. தொட்டா வெந்துடும்."

"நான் வெந்து ரெண்டு நாளாச்சு. மிஷின்மேல பதினாலு துணி கெடக்கு."

நாலாம் நாள் எட்டாவது வரிசையைத் தொடும் நேரம், பள்ளிக்கூடச் சீருடை கேட்டு ஒரு அம்மா வாசலில் வந்து கத்தினாள். தையல்காரர் எழுந்து போனார். வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சானுக்குக் கை சும்மா இருக்கவில்லை. நல்ல மனுஷன்தான், பொறுமை மட்டும் கிடையாது. கிழங்கை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கை உரம் கொட்டி, பத்தே நிமிஷத்தில் மூடிவிட்டார். அதற்குள் தையல்காரர் திரும்பி வந்தார்.

"பசிக்கிறவனுக்கு வாய்ல ஊட்டணும், மாப்ள. ரெண்டு இஞ்ச் தள்ளித் தட்டை வச்சா எப்படிச் சாப்பிடுவான்?"

தையல்காரர் டேப்பை எடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சுருட்டிக்கொண்டு மிஷினுக்குப் போனார்.

ஏழு வரிசை முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று எழுந்தது. எட்டாவது மொட்டையாகக் கிடந்தது. மச்சான் தினமும் குனிந்து பார்த்துவிட்டு, "லேட்டா வரும்" என்று சொல்லிப் போனார்.

தோண்டிய அன்று கிழங்கு ஒவ்வொன்றும் கைக்கு அடங்கவில்லை. ஆனாலும் ஏழு வரிசைக்கு ஐந்தரை மூட்டைதான். மச்சான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

"வார்த்தைன்னா வார்த்தை, மாப்ள. அரை மூட்டை குறையுது. வேனை உள்ள விட்டுடவா?"

மனைவி ஒரு காலிச் சாக்கை உதறி அண்ணன் கையில் கொடுத்தாள். கூடவே மண்வெட்டியையும்.

"குறையுற அரை மூட்டை நீ நட்ட வரிசையில இருக்குண்ணா. எடுத்துட்டு வா. அதுவரைக்கும் வேன் வெளியவே நிக்கட்டும்."

அவர் தோண்டினார். முதல் குழியில் அழுகிய தோல். இரண்டாவதிலும் அதே. ஆறாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நிலம் கிழங்குக்கே இருக்கட்டும், மாப்ள. வீட்டுக்கு ஒரு மூட்டை தருவியா?"

"எடுத்துக்கோங்க மச்சான்" என்றார் தையல்காரர், மனைவி கண்ணை உருட்டுவதற்குள்.

இருவரும் ஆளுக்கொரு முனையாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். வேனுக்குப் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.