டெய்சிக்கு வைத்த மை

சேலை வாங்கிக்கொண்டு துரையின் நாயைக் கெடுத்தாளாம் கருப்பம்மா! அந்தச் சேலை என்ன நிறம் என்று கேட்டால் ஒருத்தி சிவப்பு என்கிறாள், ஒருத்தி பச்சை என்கிறாள். கண்ணால் கண்டவள் ஒருத்தியும் இல்லை. லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அவளை மெல்லுகிற வாய்களெல்லாம் கொஞ்சம் மூடிக்கொள்ளட்டும். நடந்தது இதுதான்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், துரையின் பங்களாவில் அவளுக்கு நாய் பார்க்கிற வேலை. டெய்சி என்று வெள்ளைவெளேரென ஒரு குட்டை நாய். காலையில் பால், மத்தியானம் இறைச்சி, குளிக்க வெந்நீர். சீமையிலிருந்து கப்பலில் வந்த நாயாம். நாமும் கப்பலில்தான் வந்தோம், நமக்கு யார் வெந்நீர் வைத்தார்கள்? அதன் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் துரைக்கு மனப்பாடம். விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நிற்கிற நம்மில் பாதிப்பேரை அவருக்கு அடையாளமே தெரியாது. ஆனாலும் நாய் என்ன பாவம் செய்தது? கருப்பம்மா அதைப் பெற்ற பிள்ளைபோல வளர்த்தாள்.

வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோடு போட்ட சண்டைக்கு முந்திய வருஷம், பதுளைக் குதிரைப் பந்தயத் திடலில் நாய்க் கண்காட்சி வைத்தார்கள். டெய்சியைக் கூட்டிக்கொண்டு கருப்பம்மாவும் போனாள். அது பார்க்க வேண்டிய கூத்து! நாய்களுக்குக் கூடாரம், பெஞ்சு, மெத்தை. கூட்டிவந்த ஆட்களுக்கு வெயில். ஒரு பக்கம் பேண்டு வாத்தியம். சொந்தப் பிள்ளைக்கு ஆயாவை விட்டுத் தலை சீவுகிற துரைசாணிமார், மண்டி போட்டு நாய்வாலைச் சீவினார்கள். நடுவர் துரை ஒவ்வொரு நாயாக வாயைப் பிளந்து பல் பார்த்தார், முதுகைத் தடவினார், ஓடவிட்டுப் பார்த்தார்.

கயிற்றுக்கு வெளியே நின்ற கடைக்கார இப்றாஹீம் நானா கேட்டார்: "என்னா பாக்குறாரு புள்ள இவரு?"

"பொண்ணு பாக்குறாருங்க நானா. சீருதான் இன்னும் பேசல," என்றாள் கருப்பம்மா.

சொல்லிவிட்டு டெய்சியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் டெய்சியையே பார்த்து வாய் பிளந்தார்கள். இத்தனை கண் பட்டால் பிள்ளை தாங்குமா? மடியிலிருந்த சிமிழைத் திறந்து, டெய்சியின் கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

நடுவர் வந்தார். பொட்டைப் பார்த்தார். வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்து, கறுத்த துணியைக் கொடிபோலத் தூக்கிக் காட்டினார். சாயம் பூசிய நாய் போட்டியில் நிற்கக்கூடாதாம். துரைமார் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கோப்பை பக்கத்துத் தோட்டத்துத் துரையின் நாய்க்குப் போயிற்று.

மறுநாள் பங்களா முன்கூடத்தில் துரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதிலாகக் கங்காணி ரெங்கசாமி பேசினார்.

"இந்தா கருப்பம்மா, பக்கத்துத் தோட்டத்துத் தொரதான் வைக்கச் சொன்னாருன்னு தொரமாரு கிளப்புல வந்து ஒரு வார்த்த சொல்லிரு. சேல குடுத்தாருன்னு சொல்லு. நம்ம தொர மானம் தப்பிச்சிரும். வேலையும் ஒனக்குத்தான்."

சேலை பிறந்தது அங்கேதான், கங்காணியின் வாயில்.

"நாந்தானே வச்சேன் கங்காணியாரே? கண்ணு பட்டுரும்னு வச்சேன். எம் புள்ளைக்கும் அப்புடித்தானே வச்சேன்?"

"சொல்லாட்டி வேல இல்ல. நாயத் தொடவும் முடியாது, பாத்துக்க."

கருப்பம்மா டெய்சியைப் பார்த்தாள். அது அவள் முந்தானையைக் கடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"அந்தத் தொர மூஞ்சியக்கூட நா சரியாப் பாத்ததில்ல. பொய் சொல்ல மாட்டேன்," என்றாள்.

முந்தானையை மெதுவாக விடுவித்தாள். நாய்ச் சங்கிலியைக் கங்காணியின் கையில் வைத்தாள்.

"பின்பக்கமாப் போ!" என்று கத்தினார் கங்காணி.

அவள் காதில் வாங்கவில்லை. துரையைக் கடந்து, முன்வாசல் படியில் இறங்கி நடந்தாள்.