மூன்றாவது குறிப்பு

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்கரை மாதா கோவிலொன்றில் பெருநாளையொட்டி வினாவிடைப் போட்டி நடக்கும். மூன்று குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். அவை சுட்டும் ஊர் மனிதர் யாரென்று பிள்ளைகள் மணியடித்துச் சொல்ல வேண்டும். கேள்விகளை எழுதியவர்கள் பள்ளிக்கூட ரீச்சரான நானும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரும். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு கிழமை சண்டை பிடித்தோம்.

ஒரு மீனவரைப் பற்றிய கேள்வியில் கடைசிக் குறிப்பாக, "இவர் இப்போது நம்மோடு இல்லை" என்று எழுதியிருந்தேன். தபாலதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கனடாவுக்குப் போனவையும்தான் எங்களோட இல்லை, ரீச்சர். உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ."

சொன்னது சரிதான். அந்த எரிச்சலில், "இவர் கடலில் இறந்தவர்" என்று பேனையை அழுத்தி எழுதினேன். அந்த மீனவரின் படகு கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒன்பது மாதமாகியிருந்தது. நான் புளியங்கூடல்காரி, கடல் தெரியாதவள். ஞாயிறு பூசையில் அவர் பெயரை இறந்தவர்களோடு சேர்க்காமல், கடலுக்குத் தொழிலுக்குப் போனவர்களுக்கான மன்றாட்டில்தான் இன்னும் வாசிக்கிறார்கள். அது என் காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. தபாலதிபரோ பூசைப் பக்கமே போகாதவர்.

போட்டியன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். பதிலாக வந்தவளை நான் கவனிக்கவில்லை. "பெருநாள் பவனியில் மாதா சுருவம் தூக்கும்போது முன்வலப் பக்கம் இவருடையது" என்று முதற் குறிப்பை வாசித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கண்டேன். அந்த மனிதரின் மகள். முன்வரிசையில் அவளுடைய தாய்.

"இவருடைய படகு நீலமும் மஞ்சளும்" என்று இரண்டாவதையும் எப்படியோ வாசித்தேன். இப்போது மணி அடித்துவிட்டால் மூன்றாவதை வாசிக்கத் தேவையில்லை. அடி பிள்ளை, அடி என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவளுடைய விரல் மணியின் மேல்தான் இருந்தது. எதிரணிப் பிள்ளைகளுக்கும் விடை தெரியும். அவளைப் பார்த்துவிட்டு அவர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"மூண்டாவதையும் வாசியுங்கோ, ரீச்சர்," என்றாள்.

கடுதாசியில் இருந்ததை விட்டுவிட்டு, "இவர் இப்போது நம்மோடு இல்லை" என்றேன்.

"அதிலை அப்பிடி இல்லையே, ரீச்சர்!" என்று நடுவர் மேசையிலிருந்து தபாலதிபர் திருத்தினார். அவருக்கு முன்னாலும் ஒலிவாங்கி இருந்தது.

அவள் எழும்பி என்னிடம் வந்து கையை நீட்டினாள். கிழித்துப் போட்டிருக்கலாம். பயத்தில் அதுகூடத் தோன்றவில்லை, கொடுத்துவிட்டேன். அவள் ஒருதரம் வாசித்தாள். தாயைப் பார்த்தாள். பிறகு கடுதாசியை என்னிடம் திருப்பித் தந்தாள்.

"இதைப் பிழையெண்டு போடுங்கோ, ரீச்சர். அம்மா இண்டைக்கும் அப்பாவுக்குச் சோறு போட்டு மூடி வைச்சிட்டுத்தான் வந்தவ."