வலிக்கவில்லை என்று தலையாட்டினேன்

என் அண்ணனுக்கு வாயும் அதிகம், கைத்திறனும் அதிகம். அப்போதெல்லாம் சொத்தைப் பல்லைக் குடையப் பல் வைத்தியர்கள் காலால் மிதித்து ஓட்டும் யந்திரம் வைத்திருப்பார்கள். மின்சாரத்தில் ஓடும் ஒன்றைத் திண்டுக்கல்லிலேயே செய்து விற்கப்போகிறேன் என்று ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கம்பெனி தொடங்கினான். "வலியே தெரியாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். சொந்தக்காரர்களும் பக்கத்து ஊர் விவசாயிகளும் பங்கு போட்டார்கள்.

ஒரு வருடத்தில் இரண்டு மூன்று யந்திரம்தான் விற்றது. பங்கு போட்டவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கத்தரியும் தக்காளியும் பயிரிடும் செம்பட்டிக்காரர் ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு நேரிலேயே வந்துவிட்டார். அவர் கிணற்றில் தண்ணீர் அடியோடு இறங்கியிருந்தது. ஆழப்படுத்தாவிட்டால் அடுத்த வெள்ளாமை இல்லை.

"மிஷினு வலியில்லாம வேலை செய்யுதான்னு எங்க கண்ணு முன்னால காட்டுங்க. இல்லேன்னா எங்கள விட்ருங்க" என்றார். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணன் என்னிடம் வந்து நின்றான். எனக்குக் கடைவாயில் ஒரு சொத்தைப் பல் இருந்தது. நான் டீச்சர் வேறு. என் வார்த்தைக்கு ஊரில் மதிப்பு உண்டு. போதாக்குறைக்கு அது ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தலைவலி வந்தால்கூட வெளியே சொல்ல மாட்டோம். ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வோம். இந்த வலியை அண்ணனுக்காக ஒப்புக்கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பட்டறையில் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். அண்ணன் அழைத்துவந்த வைத்தியர் யந்திரத்தைப் பல்லில் வைத்ததும் உச்சந்தலை வரைக்கும் சுரீரென்றது. முனை சூடேறச் சூடேற உயிர் போய் உயிர் வந்தது. முந்தானைக்குள் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் இருந்தேன். அதில் நான் கெட்டிக்காரி.

யந்திரம் நின்றதும் செம்பட்டிக்காரர்தான் குனிந்து கேட்டார்.

"தாயி, நெசமாவே வலிக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"டீச்சரம்மாவே சொன்ன பெறகு என்ன இருக்கு?" என்று சிரித்தவர், பணத்தைக் கேட்காமலே பஸ் ஏறிப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். அண்ணனும் என்னை நம்பிவிட்டான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உண்மை தெரிந்திருந்தால் அவன் யந்திரத்தைத் திருத்தியிருப்பான். அந்தப் பாவம் என்னுடையது.

திருத்தாமலே விற்றான். நோயாளிகள் அலறினார்கள், யந்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மறு வருடம் கம்பெனியை இழுத்து மூடினோம். அவ்வளவு பேசிய அண்ணன் அதற்குப் பிறகு வீட்டில்கூட வாய் திறப்பதில்லை. செம்பட்டிக்காரரின் தோட்டம் காய்ந்து போய், அவர் கூலிக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கன்னம் வீங்கியிருந்தது. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. பல்வலிக்காக வைத்தியரிடம் போனாராம். திருப்பி அனுப்பாமல் விட்ட எங்கள் யந்திரம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

"செத்த நேரம்கூடத் தாங்க முடியல தாயி. எந்திரிச்சு ஓடியாந்துட்டேன். அன்னைக்கு ஒங்களுக்கும் இம்புட்டு வலிச்சிருக்குமே! நாங்க நம்பாமப் போயித்தான ஒங்கள அதுல உக்கார வச்சாங்க. மனசுல வச்சுக்காதீங்க தாயி."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். மணி அடித்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன்.